ஒரு கல்வியாண்டும் ஒன்பது படங்களும்

திரைப்படங்களைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நுழைவுச்சீட்டுக்குக் காசு கொடுத்தவன் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. உலகத் திரைப்படங்களை முறையாகப் பயின்றவன் அல்லன். ஒளிப்பதிவின் நுட்பமோ படத்தொகுப்பின் இலக்கணமோ அறியேன். மனைவியும் மகளும் அழைத்தால் போவேன். மாணவர்கள் இரண்டு மூன்று முறை ஒரு படத்தைக் குறிப்பிட்டுப் பேசினால், அவர்கள் பேச்சு புரிய வேண்டும் என்பதற்காகவாவது போவேன். கல்லூரியில் தமிழ் நடத்துகிறவனுக்கு ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை, ஜூனில்தான் பிறக்கிறது. அந்தக் கணக்கின்படி 2024 ஜூனில் ‘மகாராஜா’வில் தொடங்கி 2025 மே விடுமுறையில் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வரை, ஒரு கல்வியாண்டில் ஒன்பது படங்களைத் திரையரங்கில் பார்த்திருக்கிறேன். என் வரையில் இது ஒரு சாதனை.

அந்த ஆண்டு எனக்கு ஒதுக்கப்பட்ட பாடம் தொல்காப்பியப் பொருளதிகாரம். மெய்ப்பாட்டியலை நடத்திக்கொண்டிருந்த நாள்களில்தான் இப்படங்களில் பலவற்றைப் பார்த்தேன். ஆகவே வகுப்பறையும் திரையரங்கும் என் மனத்தில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாட்டை எட்டாக வகுக்கிறார் தொல்காப்பியர். ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நந்நான்கு நிலைக்களன்களையும் சொல்கிறார். இன்று குடும்பப் படம், திகில் படம், விளையாட்டுப் படம், போர்ப் படம் என்று நாம் பிரித்துச் சொல்வதெல்லாம் ஏறக்குறைய இந்த எட்டுக்குள் அடங்கிவிடுகின்றன.

ஆனால் நான் சொல்ல வருவது இந்தப் பட்டியல் பொருத்தத்தை அன்று. மெய்ப்பாடு எவ்வாறு நிகழ்கிறது என்பதற்குப் பேராசிரியர் தம் உரையில் தரும் விளக்கம்தான் அந்த ஆண்டு முழுதும் என்னைத் துரத்தியது. முதலில் ஒரு பொருள் இருக்கிறது. அதைப் பொறிகள் உணர்கின்றன. அந்த உணர்வு மனத்தில் பட்டு அங்கே ஒரு குறிப்பு நிகழ்கிறது. அதன் பிறகே கண்ணீராகவோ மயிர்க்கூச்செறிதலாகவோ உடம்பில் அது வெளிப்படுகிறது. ஆக, நான்கு படிகள். மூன்றாவது படி மட்டும் நம் உள்ளே, பிறர் காணாதபடி நிகழ்வது. அதற்குச் சற்று நேரம் வேண்டும். திரைப்படம் அந்த நேரத்தைத் தருகிறதா, தந்தால் நாம் அதைப் பொறுத்துக்கொள்கிறோமா என்பதே என் கேள்வி. இதில் நான் செய்த பிழை ஒன்றும் உண்டு. அதை உரிய இடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

‘மகாராஜா’வைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நித்திலன் சாமிநாதன் இயக்கம். விஜய் சேதுபதிக்கு அது 50-ஆவது படம். முடிதிருத்துநர் ஒருவர் காவல் நிலையத்துக்கு வந்து, தம் வீட்டிலிருந்த ‘லட்சுமி’ திருடுபோய்விட்டது என்கிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத்தொட்டி. காவலர்கள் சிரிக்கிறார்கள், அரங்கமும் சிரிக்கிறது. அதே புகாரை அவர் மாற்றாமல் வெவ்வேறு ஆள்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார். மூன்றாம் முறை கேட்கும்போது நம் சிரிப்பு குறைகிறது. படம் முடிந்த பின் அந்தச் சிரிப்பை நினைத்து நாணுகிறோம். தொல்காப்பியர் நகைக்குச் சொல்லும் முதற் காரணம் எள்ளல். நாம் எள்ளியது யாரை என்பதைப் பிறகு காட்டி நம்மைத் தலைகுனிய வைப்பது கதைசொல்லலில் ஓர் உயர்ந்த செயல். அதை இப்படம் செய்திருக்கிறது.

எனினும் ஒரு தந்தையாக எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரு பெண்பிள்ளைக்கு இழைக்கப்பட்ட கொடுமையை முடிச்சாக்கி, கதையின் காலவரிசையைக் கலைத்து, அதை உரிய நேரத்தில் அவிழ்த்துக் காட்டும்போது அரங்கில் எழுந்தது கைத்தட்டல். முடிச்சு அவிழ்ந்த திறமைக்கான கைத்தட்டல் அது என்பதை அறிவேன். ஆயினும் அக்கொடுமை மனத்தில் படுவதற்கு முன்பே கை தட்டிவிட்டோம். படத்தில் என்னோடு வீட்டுக்கு வந்தது அந்த முடிச்சு அன்று. மகள் நிமிர்ந்து நின்று பேசும் அந்தச் சிறிய காட்சி. அங்கே மட்டும் படம் தன் சாமர்த்தியத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அவளுக்கு வழிவிடுகிறது.

அச்சத்துக்குத் தொல்காப்பியர் சொல்லும் நான்கு களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இவற்றுள் அணங்கை முதலாகக் கொண்டு வந்த படம், 2024 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ‘டிமான்டி காலனி 2’. மகளின் வற்புறுத்தலால் போனேன். அஜய் ஞானமுத்துவின் முதல் பாகம் 2015-இல் வந்தது. நான்கு இளைஞர்கள், ஓர் அறை, வெளியே போக முடியாத கதவு என்று அந்தப் படத்தின் பெரும்பகுதி ஓடியது. அச்சத்துக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டாம் பாகத்தில் சாபத்துக்கு வரலாறு, வரலாற்றுக்கு விதிமுறை, விதிமுறைக்கு விளக்கம் என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். பேய்க்கு ஒரு பாடத்திட்டம் வகுத்துவிட்டால் நமக்கு எஞ்சுவது தேர்வுப் பயம் மட்டுமே. என் மகள் பல இடங்களில் துள்ளிக் குதித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து நிம்மதியாக உறங்கினாள். சிறுவயதில் பாட்டியிடம் பேய்க்கதை கேட்ட நாங்கள் குதித்ததில்லை. இரவில் கொல்லைப்பக்கம் மட்டும் போகமாட்டோம். இந்த வேறுபாட்டை நான் அவளுக்கு விளக்க முயன்று தோற்றேன்.

அடுத்த வாரமே அணங்கு வேறொரு வடிவில் வந்தது. 2024 ஆகஸ்ட் 23 அன்று ஒரே நாளில் இரண்டு படங்கள் வெளியாயின. பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’, மாரி செல்வராஜின் ‘வாழை’. முன்னதைப் பார்க்க அரங்கில் ஏறக்குறைய இருபது பேர் இருந்தோம். பின்னதற்கு இருக்கை கிடைப்பதே அரிதாக இருந்தது. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தது என் நற்பேறு.

‘கொட்டுக்காளி’யில் மீனா என்ற பெண் பேச மறுக்கிறாள். வேறு சாதி இளைஞன்மீது அவள் கொண்ட காதலைப் ‘பிடித்திருக்கிறது’ என்று பொருள்கொண்டு, பேயோட்டும் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது குடும்பம். ஓர் ஆட்டோ, சில இருசக்கர வண்டிகள், கயிற்றில் கட்டிய ஒரு சேவல், நீண்ட சாலை. பின்னணி இசை அறவே இல்லை. காற்றும் வண்டி ஓசையும் சேவலின் செட்டை அடிப்பும்தான் இசை. மணமகனாகக் குறிக்கப்பட்ட பாண்டியாக சூரி. கம்மிய தொண்டையோடு அவர் கத்துவதைக் கேட்டால் நம் தொண்டை வலிக்கிறது. அன்னா பென் ஏறக்குறையப் படம் முழுதும் வாய் திறப்பதில்லை. வழியில் ஒரு காளை சாலையை மறித்து நிற்கிறது. அத்தனை ஆண்களும் அஞ்சி நிற்க, ஒரு சிறுமி வந்து அதைக் கூட்டிப் போகிறாள். படம் இதற்கு ஒரு சொல்லும் விளக்கம் தரவில்லை. சங்கப் பாடலில் கருப்பொருளை வைத்துவிட்டுப் புலவர் விலகிக்கொள்வதை உள்ளுறை என்று வகுப்பில் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். கண்ணால் கண்டது அன்றுதான்.

அந்தப் படம் 100 நிமிடங்களை ஒட்டியது. நான் பார்த்த ஒன்பதில் மிகச் சிறியதாக இருக்கக்கூடும். ஆனால் வெளியே வந்தபோது எனக்குப் பின்னால் வந்த ஒருவர், “ரொம்ப இழுவை” என்றார். அவரைக் குறை சொல்ல நான் யார்? இசை இல்லாதபோது, எந்த இடத்தில் என்ன உணர வேண்டும் என்பதை நாமே கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத வேலை நெடுநேரமாகத்தான் தோன்றும். படம் முடியாமல் முடிகிறது. சாமியாடியின் முன் வேறொரு பெண்ணுக்கு நடப்பதைப் பாண்டி பார்க்கிறான். அவன் என்ன செய்வான் என்பது நம்மிடம் விடப்படுகிறது. ஓர் இருபது பேரிடம் விடப்பட்ட அந்த வினா எத்தனை வீடுகளுக்குப் போனதோ அறியேன். என் வீட்டுக்கு வந்தது. என் மனைவி மறுநாள் காலையில் அடுப்படியிலிருந்து, “அவன் திரும்பிப் போயிருப்பான்னு நினைக்கிறீங்களா?” என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

‘வாழை’ நேர்மாறானது. இசை உண்டு, பாட்டு உண்டு, ரஜினி கமல் சண்டை உண்டு, ஆசிரியைமீது ஒரு சிறுவனுக்கு இருக்கும் களங்கமற்ற மயக்கம் உண்டு. பின்பகுதியில் வரப்போகும் துயரத்துக்காகவே முன்பகுதியில் இத்தனை இனிமையைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதை நடுவிலேயே உணர்ந்துவிட்டேன். உணர்ந்தும் தப்ப முடியவில்லை. வாழைத்தார் சுமக்கும் கூலிகளின் பிள்ளை சிவனைந்தன். பள்ளிக்கூட நடனப் பயிற்சிக்காக ஒருநாள் சுமையைத் தவிர்க்கிறான். அந்த நாளின் லாரி விபத்து அவன் வாழ்க்கையை இரண்டாகப் பிளக்கிறது. அழுகைக்குத் தொல்காப்பியர் தரும் காரணங்களில் இழவும் உண்டு, வறுமையும் உண்டு. இரண்டையும் தனித்தனியே பார்த்திருக்கிறோம். ஊரே பிணங்களின் முன் கதறும்போது, பசி பொறுக்காத பையன் ஒருவன் சோற்றில் கைவைக்கும் காட்சியில் இழவும் வறுமையும் ஒரே கவளமாகிவிடுகின்றன. அழுவதா உண்பதா என்ற வினாவை ஒரு குழந்தையின் முன் வைத்த சமூகம் எது என்று படம் உரக்கக் கேட்கவில்லை. அந்தக் காட்சியில் அரங்கில் யாரும் கைபேசியைப் பார்க்கவில்லை. இறுதிப் பாடல் மட்டும் சற்று முன்னதாக வந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றியது. இன்னும் கொஞ்சம் எங்களைத் தனியே விட்டிருக்கலாம்.

2024 செப்டம்பர் 20 அன்று வந்த ‘லப்பர் பந்து’ மனத்தின் பாரத்தை இறக்கிவைத்தது. உவகைக்குக் காரணமாகத் தொல்காப்பியர் சொல்லும் நான்கில் விளையாட்டும் ஒன்று. தமிழரசன் பச்சமுத்துவின் முதற்படம். ஊர்த்திடலில் ரப்பர் பந்தில் ஆடும் கிரிக்கெட்டுக்குள் மாமனார் மருமகன் மோதலை வைத்து, அணித் தேர்வில் ஒளிந்திருக்கும் சாதியையும் வைத்து, இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காமல் கதை நகர்த்தியிருக்கிறார். ‘அட்டகத்தி’ தினேஷ் மட்டை வீசும்போதெல்லாம் ‘பொன்மனச் செல்வன்’ (1989) படத்தின் விஜயகாந்த் பாடல் ஒலிக்க, என் வயதுக்காரர்கள் அரங்கில் எழுந்து நின்றார்கள். விஜயகாந்த் மறைந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. எனக்கு அதைவிடப் பிடித்தது யசோதை. கணவன் ஆடப்போகிறான் என்ற சினத்தில் ஆடுகளத்தை டிராக்டரால் உழுதுவிடும் அந்தப் பெண்ணின் கோபத்தையும் அன்பையும் ஒருசேரக் காட்ட, படம் அவசரப்படவே இல்லை. விளையாட்டுப் படமென்றால் ஓட்டக் கணக்கு எகிற வேண்டும் என்பதில்லை; வீட்டுக்குள் நடக்கும் ஆட்டத்துக்கும் நேரம் கொடுக்கலாம் என்பதை இப்படத்தைக் கண்டு மற்றவர்கள் கற்கலாம்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

2024 செப்டம்பர் 27 அன்று பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ வெளியானது. ‘96’ தந்த இயக்குநர் என்பதால் முதல் வார இறுதியிலேயே போனோம். 177 நிமிடம். 1996-இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி, இருபதாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் தங்கையின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். முகம் காட்டிவிட்டு இரவே திரும்பிவிட வேண்டும் என்பதே அவன் திட்டம். ஓர் உறவுக்காரன் வந்து ஒட்டிக்கொள்கிறான். அவன் பெயர் அருளுக்கு நினைவில்லை, கேட்கவும் கூச்சம். அந்த ஓர் இரவுதான் படம். அரவிந்த்சாமியும் கார்த்தியும் பேசுகிறார்கள், உண்கிறார்கள், குடிக்கிறார்கள், நடக்கிறார்கள். பின்பகுதியில் அந்த உறவுக்காரன் ஊர், வரலாறு, ஜல்லிக்கட்டு என்று நெடுநேரம் பேசுகிறான்.

நான் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். திங்கட்கிழமை ஆசிரியர் அறையில், “நல்ல படம்தான், ஆனால் அரை மணி நேரம் வெட்டியிருக்கலாம்” என்றேன். இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது ஏதோ படத்தொகுப்பாளரைப்போல் ஒரு பெருமிதமும் இருந்தது. சில நாள்களில் செய்தி வந்தது: படம் நீளம் என்ற கருத்துகளை ஏற்று ஏறத்தாழ 18 நிமிடக் காட்சிகளை நீக்கிவிட்டார்கள். அந்த ஆண்டு இது தனிச் செய்தி அன்று. ஜூலையில் வெளியான ‘இந்தியன் 2’ படத்தில் ஏறத்தாழ 12 நிமிடம் வெளியீட்டுக்குப் பின் வெட்டப்பட்டது. நவம்பரில் வந்த ‘கங்குவா’விலும் அவ்வாறே 12 நிமிடம் போயிற்று. ஆனால் மற்ற இரண்டைக் கேட்டபோது தோன்றாத குறுகுறுப்பு இதில் தோன்றியது. இந்த வெட்டில் என் கையும் இருந்தது அல்லவா?

அந்த வாரம் வகுப்பு முடிந்ததும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: “ஐயா, அரை மணி நேரம் வெட்டலாம்னு சொன்னீங்களாமே, எந்தச் சீனை வெட்டலாம்?” நான் யோசித்தேன். மணமேடையில் தங்கைக்கு அண்ணன் ஒவ்வொரு நகையாக அணிவிக்கும் காட்சி கதைக்கு வேண்டாதது. ஒரு பரிசுப்பொதியைக் கொடுத்து முடித்திருக்கலாம். ஆனால் அதை வெட்டினால் படமே இல்லை. விட்டுச்சென்ற பழைய மிதிவண்டி ஒரு குடும்பத்துக்கு என்னவாயிற்று என்று சொல்லும் இடமா? அதுதான் படத்தின் உயிர். பின்பகுதிப் பேச்சா? கேட்பவன் கூச்சத்தில் நெளிவதும், பேசுகிறவன் கள்ளமில்லாமல் பேசிக்கொண்டே போவதும் சேர்ந்துதான், விடியுமுன் அருள் சொல்லாமல் கிளம்பிவிடுவதற்குக் காரணமாகின்றன. இத்தனை அன்பு காட்டியவனின் பெயர்கூடத் தெரியவில்லையே என்ற குற்றவுணர்வு அந்தப் பேச்சின் நீளத்தில் அல்லவா சேர்கிறது? “யோசித்துச் சொல்கிறேன்” என்றேன். அவள் சிரித்துக்கொண்டு போய்விட்டாள். இன்றுவரை அவளுக்குச் சொல்ல என்னிடம் விடையில்லை.

அக்டோபர் 31, தீபாவளியன்று ‘அமரன்’. ராஜ்குமார் பெரியசாமி இயக்கத்தில், 2014 ஏப்ரலில் காஷ்மீரில் வீரமரணம் எய்திய மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை. பெருமிதத்துக்குத் தறுகண்மையை ஒரு காரணமாகத் தொல்காப்பியர் சொல்வது நினைவிருக்கும். இப்படத்தின் பெருமிதம் துப்பாக்கியில் இல்லை. சாய் பல்லவி ஏற்ற இந்துவின் முகத்தில் இருக்கிறது. முடிவு நமக்கு முன்பே தெரியும். 2015 குடியரசு நாளில் அசோக் சக்ரா விருதைப் பெற அவர் மட்டுமே சென்றார் என்பதும் தெரியும். எனவே ‘என்ன ஆகும்’ என்ற ஆவலுக்கு இடமில்லை. தொலைபேசிக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணோடு நாமும் காத்திருக்கிறோம், அவ்வளவே. இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் மேற்பட்ட படம். அரங்கில் யாரும் நீளம் என்று சொல்லவில்லை. புறநானூற்றில் போர்க்களத்தைப் பாடியவற்றைவிட, களத்துக்குப் போனவனின் வீட்டைப் பாடியவை எனக்கு ஏன் நெருக்கமாக இருக்கின்றன என்பது இப்படத்தில் மீண்டும் விளங்கிற்று. அதே வேளையில், எல்லைக்கு இருபுறமும் அகப்பட்டு வாழும் காஷ்மீர் மக்களுக்கு இப்படத்தில் முகங்கள் இருக்கின்றன, குரல் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காத்திருக்கும் வீடுகள் அங்கும் உண்டு.

நவம்பர் 14 அன்று ‘கங்குவா’. மருட்கை, அதாவது வியப்பு, நான்கு வகையால் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். அளவிறந்து பெரியது வியப்பைத் தருவதுபோல், மிகச் சிறியதும் வியப்பைத் தரும் என்று அவர் கண்டது எவ்வளவு நுட்பம். ‘கங்குவா’ பெருமையை மட்டும் நம்பியது. தீவுகள், படைகள், முதலை, நெருப்பு. எல்லாவற்றுக்கும் மேல் கூச்சல். திரையரங்குகளில் ஒலியளவை இரண்டு புள்ளி குறைத்துக்கொள்ளும்படி படத்தயாரிப்பாளரே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. ஒலியைக் குறைத்தார்கள், 12 நிமிடத்தையும் குறைத்தார்கள். ஆனால் குறைத்ததால் கூடியது எதுவுமில்லை. ஏனெனில் அங்கே சிக்கல் நீளம் அன்று. பேராசிரியர் சொன்ன முதற்படியிலிருந்து நான்காம் படிக்கு நம்மைத் தூக்கி எறியப் பார்த்தார்கள். பொருளைக் காட்டிய கணமே மயிர் சிலிர்த்தாக வேண்டும் என்று ஒலிபெருக்கி கட்டளையிட்டது. நடுவில் மனம் என்ற ஒன்று இருப்பதை மறந்துவிட்டார்கள்.

இதற்கு எதிரில் ‘மெய்யழகனை’ வைத்துப் பாருங்கள். அங்கே வியப்பு ஒரு துருப்பிடித்த மிதிவண்டியிலிருந்து பிறக்கிறது. நாம் போகிறபோக்கில் விட்டுவிட்டு வந்த ஒன்று, இன்னொருவர் வாழ்வில் அத்தனை பெரிதாக வளர்ந்து நின்றதை அறியும்போது ஏற்படும் திகைப்பு அது. சிறுமையால் பிறக்கும் மருட்கை என்பதற்கு இதைவிடத் தக்க சான்றை நான் வகுப்பில் காட்டியதில்லை. பெரியதை ஒரு கணத்தில் காட்டிவிடலாம். சிறியது பெரிதாவதைக் காட்ட நேரம் வேண்டும். ஒரே கத்தரிக்கோலால் இரண்டையும் வெட்டினோம் என்பதுதான் என் வருத்தம். ‘நீளம்’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்தினோம்.

மே மாதத்தில் பார்த்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யோடு என் கணக்கு முடிகிறது. அபிஷன் ஜீவிந்த்தின் முதற்படம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியிலிருந்து தப்பிப் படகில் வந்த ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்று, சென்னையில் ஒரு குடியிருப்பில் கேரளத்திலிருந்து வந்தவர்களாக நடித்து வாழ்கிறது. வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும் என்ற அச்சம். தமிழ் பேசத் தெரிந்த ஒருவன், தன் தமிழையே மறைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் வாழ வேண்டிய நிலையை வைத்து இத்தனை சிரிக்கவைக்க முடியும் என்று நான் எண்ணியதில்லை. அனைவரும் நல்லவர்களாகிவிடும் பிற்பகுதி சற்றே இனிப்பு மிகுந்தது; வாழ்க்கை அவ்வளவு எளிதாகக் கதவு திறப்பதில்லை. ஆனாலும் அண்டைவீட்டு மூதாட்டியின் சாவு வீட்டில், ஒருவரையொருவர் அறியாத அந்தத் தெரு முதன்முறையாக ஒன்றுகூடும்போது, நகைப்படம் என்று நினைத்து வந்தவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். நகையிலிருந்து அழுகைக்கு அந்த இயக்குநர் அவசரமின்றி நடந்தே கூட்டிப்போயிருந்தார்.

ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. ‘மெய்யழகன்’ இணையத்தில் வந்த பின், எழுபதைக் கடந்த என் அம்மாவோடு வீட்டில் மீண்டும் பார்த்தேன். வெட்டியபின் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் நாங்கள் பார்த்து முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தொடக்கத்தில் அந்தக் குடும்பம் வீட்டைக் காலிசெய்யும் இடத்திலேயே அம்மா, “கொஞ்சம் நிறுத்துப்பா” என்றார். எங்கள் ஊர் வீட்டை விற்ற நாளில், கொல்லை முருங்கையிலிருந்து கடைசியாக ஒடித்த கீரையை வண்டியில் மடிமீது வைத்துக்கொண்டு வந்ததைச் சொன்னார். நாற்பது ஆண்டுகளில் அந்தக் கீரையைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. மிதிவண்டிக் காட்சியில் மறுபடியும் நிறுத்தச் சொன்னார். இம்முறை எதுவும் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். சற்றுக் கழித்து, “ம், போடு” என்றார்.

பேராசிரியர் சொன்ன மூன்றாம் படியை என் அம்மாவின் முகத்தில் அன்று கண்டேன். திரையரங்கில் நிறுத்தச் சொல்ல முடியாது. அங்கே இயக்குநர்தான் நமக்காக அந்த இடத்தை விட்டுவைக்க வேண்டும். விட்டுவைத்தவரைப் பார்த்து, அவசரக்காரனான நான், வெட்டு என்றேன். என்னைப் போன்ற எப்போதாவது படம் பார்க்கிறவர்களின் பேச்சுக்கு முன்பெல்லாம் மதிப்பில்லை. படம் ஓடி முடிந்த பிறகு டீக்கடையோடு போய்விடும். இன்று நாம் வெள்ளிக்கிழமை முணுமுணுத்தால் திங்கட்கிழமை காட்சி காணாமற்போகிறது. இவ்வளவு அதிகாரம் கைக்கு வந்த பிறகு, பேச்சில் சற்றுப் பொறுப்பும் வர வேண்டும்.

ஆகவே இந்தக் கல்வியாண்டுக்கு நான் எனக்கென்று ஒரு விதி வகுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு படத்தை நீளம் என்று சொல்லுமுன், எந்தக் காட்சியை வெட்டலாம் என்று அந்த மாணவி கேட்டதை எனக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்வது. விடை இருந்தால் சொல்வது. இல்லையென்றால் வாயை மூடிக்கொள்வது. கைக்கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்றும் எண்ணினேன். ஆனால் கைபேசியிலும் மணி தெரிகிறது.